கணினியில் ஓர் உணரி: உலோகம் பதித்த கிரபீன் அமோனியாவைப் பிடிக்குமா என்று சோதிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பம்பைமடு, அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகங்களில் விஞ்ஞானம், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் பலர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நல்ல ஆய்வுகூடக் கருவி கையில் இல்லாமல் மாசுகளை உணரும் பொருட்களைப் பற்றி உருப்படியாக ஏதாவது செய்யலாமா? செய்யலாம். ஒரு மடிக்கணினி, இலவச மென்பொருள், பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் தொடங்கலாம். ஆனால் இந்தத் துறையில் வருகிற கட்டுரைகளில் பாதி, "ஒட்டுச்சக்தி (மூலக்கூறு பொருளில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பது) பெரிதாக வந்தது, ஆகவே நல்ல உணரி" என்று முடித்துவிடுகின்றன. அது பிழை. வன்னிக் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று யோசித்தாலே அது ஏன் பிழை என்பது விளங்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கணக்கை ஓட்டுவதைவிட, வந்த கணக்கைக் கேள்வி கேட்பதற்குத்தான் கூடிய இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கேள்வியைக் கடதாசியில் எழுதுங்கள்

எந்த மாசு, எந்தக் காற்றில், எவ்வளவு செறிவில், எத்தனை பாகை வெப்பத்தில்? இந்த நான்கும் எழுதாமல் மென்பொருளைத் திறக்க வேண்டாம்.

இங்கே உதாரணத்துக்கு அமோனியாவை எடுக்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்களில் காலபோகத்துக்கு யூரியா எறிந்தால், யூரியேசு நொதியம் அதை உடைத்து அமோனியம் ஆக்குகிறது. மதிய வெயிலில் வயல் தண்ணீரிலுள்ள பாசி காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ள, தண்ணீரின் காரத்தன்மை ஏறி, அமோனியம் அமோனியா வாயுவாக மாறி மேலே போய்விடுகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். காசு கொடுத்து வாங்கிய அந்த நைதரசனில் ஒரு பங்கு இப்படித்தான் காற்றோடு போகிறது. கோழிக்கூடு, மாட்டுக்கொட்டில் என்று பார்த்தால் அது சுவாசப் பிரச்சினையும் கூட. எட்டு மணித்தியால வேலைநேரச் சராசரிக்குப் பொதுவாகப் பாவிக்கும் எல்லை 25 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 25 பங்கு). ஆக நம் கேள்வி இது: ஈரமான காற்றில், 30 பாகையில், 1 முதல் 25 பிபிஎம் வரை உள்ள அமோனியாவை உலோகம் பதித்த கிரபீன் (ஓர் அணுத் தடிப்பமான காபன் தாள்) உணருமா?

வெறும் கிரபீனை ஏன் விட்டுவிட்டோம் என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டிலேயே தனிச்சுவர் காபன் நனோக்குழாய்கள் நைதரசனீரொட்சைட்டுக்கும் அமோனியாவுக்கும் எதிரெதிர்த் திசையில் கடத்துதிறனை மாற்றுகின்றன என்று பரிசோதனையில் காட்டிவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, குறைபாடில்லாத கிரபீனில் அமோனியா, காபனோரொட்சைட்டு, நீர் போன்றவை ஒட்டும் சக்தி சில பத்து மில்லி இலத்திரன் வோல்ற்று (இலத்திரன் வோல்ற்று என்பது அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) அளவுதான் வந்தது. அறை வெப்பத்தின் அதிர்வே 26 மில்லி இலத்திரன் வோல்ற்று, அப்புறம் மூலக்கூறு அங்கே எப்படி நிற்கும்? வேற்றணுக்களைப் பதித்துப் பார்க்கும் கணக்குகள் வரத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். ஓர் உலோக அணுவை வைத்தால், அமோனியாவின் தனிச்சோடி இலத்திரன்கள் போய் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது.

கருவிகள்

இந்த வேலையின் அடிப்படை அடர்த்திச் சார்புக் கோட்பாடு, எல்லாரும் டிஎஃப்டி என்று சொல்வது. 1964இல் ஹோஹன்பர்க்கும் கோனும், 1965இல் கோனும் ஷாமும் போட்ட அத்திவாரம். கோனுக்கு 1998இல் இரசாயன நோபல் கிடைத்தது. ஒவ்வோர் இலத்திரனையும் தனித்தனியே பின்தொடராமல் இலத்திரன் அடர்த்தியை வைத்தே சக்தியைக் கணிக்கிறது என்பது தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும்.

மென்பொருளுக்கு குவாண்டம் எஸ்பிரெசோ. இலவசம், திறந்த மூலம், தாள் போன்ற முடிவில்லாத பொருட்களுக்குப் பொருத்தம். துண்டு மூலக்கூறுகளுக்கு ஆர்கா (கல்வித் தேவைக்கு இலவசம்). முன்னோட்டத்துக்கு எக்ஸ்டிபி, மடிக்கணினியில் கெதியாக ஓடும், அமைப்பு உடைகிறதா நிற்கிறதா என்று பார்க்க நல்லது, ஆனால் அதில் வரும் உலோகச் சக்திகளை முடிவாக எழுத வேண்டாம். அமைப்பு வரைய அவகாட்ரோ, பார்க்க வெஸ்டா. இவையெல்லாம் உபுண்டுவில் நன்றாக ஓடும். விண்டோஸ்தான் இருக்கிறதென்றால் அதற்குள்ளேயே லினக்ஸ் துணைத்தொகுதியை நிறுவலாம். பழகுவதற்கு 8 ஜிபி நினைவகம் போதும், உண்மையான கணக்குக்கு 16 ஜிபியாவது வேண்டும். 50 அணுவுக்கு மேல் போனால் பல்கலைக்கழகச் சேர்வர் இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கரண்ட் போகும், அது தெரிந்த விஷயம். ஆகவே முதல் நாளே இரண்டு வேலை செய்யுங்கள்: கணக்கு நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதியை உள்ளீட்டுக் கோப்பில் போடுங்கள், அதோடு அதிகூடிய ஓட்டநேரம் ஒன்றையும் குறித்துவிடுங்கள். அந்த நேரம் வந்ததும் நிரல் தானே ஒழுங்காகச் சேமித்துவிட்டு நிற்கும், பிறகு தொடரலாம். திடீரென்று கரண்ட் அறுந்தால் சேமிப்புக் கோப்பே கெட்டுப்போவதுண்டு. மூன்று நாள் ஓட்டமாக ஒரே மூச்சில் விடுவதைவிட எட்டு மணித்தியாலத் துண்டுகளாக ஓட்டுவது நல்லது.

வெறும் தாளில் பிழை பார்ப்பது

கிரபீனின் சிறிய அலகில் இரண்டே காபன் அணுக்கள். அதை முதலில் ஓட்டிச் சரிபாருங்கள். பிபிஈ என்ற 1996ஆம் ஆண்டுச் சார்பைப் (இலத்திரன்கள் ஒன்றையொன்று பாதிப்பதைத் தோராயமாகக் கணிக்கும் சூத்திரம்) பாவித்தால் அலகு நீளம் ஏறக்குறைய 2.47 ஆங்ஸ்ரம் (ஓர் ஆங்ஸ்ரம் மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), காபன்–காபன் தூரம் 1.42 ஆங்ஸ்ரம் வரவேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

பிறகு அலைச்சக்தி எல்லையையும் (இலத்திரன் அலைகளை எவ்வளவு நுணுக்கமாக எடுக்கிறோம் என்பது) கே-புள்ளிகளையும் (அலைவெளியில் கணக்குப் பார்க்கும் மாதிரிப் புள்ளிகள்) படிப்படியாகக் கூட்டி, மொத்தச் சக்தி அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். காபனுக்குப் போதுமான எல்லை இரும்புக்குப் போதாது. ஆகவே இந்தச் சோதனையை உலோகம் சேர்ந்த அமைப்பிலும் ஒருதரம் செய்து, இரண்டில் கூடியதை எல்லாக் கணக்குக்கும் ஒரே மாதிரிப் பாவியுங்கள். ஒரு கணக்கில் ஓர் எல்லை, இன்னொன்றில் வேறு எல்லை என்று வைத்துக் கழித்தால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது பெரிய தாள். 4×4 எடுத்தால் (சிறிய அலகை இரு திசையிலும் நான்கு தடவை அடுக்கினால்) 32 காபன், 5×5 எடுத்தால் 50 காபன். செங்குத்துத் திசையில் குறைந்தது 15 ஆங்ஸ்ரம் வெற்றிடம் விடுங்கள், இந்தக் கணக்கு தாளைத் திரும்பத் திரும்ப அடுக்குவதால், இல்லாவிட்டால் மேல் தாளின் பிரதி கீழே உள்ள மூலக்கூறைத் தொடும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது: 3×3, 6×6 போல மூன்றின் மடங்கான தாள்களில் கிரபீனின் முக்கியமான கே முனை (அலைவெளியின் மூலை) நடுப்புள்ளியில் வந்து மடிகிறது. அதனால் உலோகத்தைப் பதித்ததும், ஒழுங்காக அடுக்கியதாலேயே ஒரு செயற்கையான சக்தி இடைவெளி (இலத்திரன்கள் இருக்க முடியாத சக்தி வரம்பு) திறந்துவிடும். அதைப் பார்த்து "உலோகம் இடைவெளியைத் திறந்தது" என்று எழுதியவர்கள் உண்டு. 4×4 அல்லது 5×5 எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

உலோகத்தைப் பதிப்பது

ஒரு காபனைத் தூக்கிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோக அணுவை வையுங்கள். உலோகம் காபனைவிடப் பெரிது, அதனால் தாளுக்குள் அடங்காமல் மேலே புடைத்து நிற்கும். தொடக்கத்திலேயே அதை ஓர் ஆங்ஸ்ரமுக்குச் சற்று மேலே வைத்துவிட்டால் கணக்கு கெதியாக ஒடுங்கும் (அசையாத ஒரு விடைக்கு வந்துவிடும்). சரியாகத் தாளின் மட்டத்தில் வைத்தால் சமச்சீர் காரணமாக அங்கேயே மாட்டிக்கொள்ளவும் கூடும்.

இரும்பு, செம்பு, நாகம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். ஸ்பின்னைக் (இலத்திரனின் காந்தத்தன்மைக்குக் காரணமான சுழற்சி) கட்டாயம் திறந்து வையுங்கள், தொடக்கக் காந்தத்தன்மையை இரண்டு மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்துச் சக்தி குறைந்ததை எடுங்கள். ஒரே ஒரு தொடக்கத்தோடு நின்றால் கணக்கு ஒடுங்கியிருக்கும், ஆனால் பிழையான நிலையில் ஒடுங்கியிருக்கும். வெளியீட்டுக் கோப்பில் மொத்தக் காந்தத்திருப்பம் என்ற வரியை ஒவ்வொரு தடவையும் கண்ணால் பாருங்கள்.

பதித்த உலோகம் அங்கேயே நிற்குமா, அல்லது பக்கத்து அணுக்களோடு போய்ச் சேர்ந்து கட்டியாகுமா? இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போக முடியாது. வெற்றிடமுள்ள தாளின் சக்தி, தனி உலோக அணுவின் சக்தி இரண்டையும் கூட்டி, பதித்த தாளின் சக்தியைக் கழித்தால் பிணைப்புச் சக்தி. அதை அந்த உலோகக் கட்டியின் பிணைவுச் சக்தியோடு ஒப்பிடுங்கள்: இரும்புக்கு அணுவொன்றுக்கு 4.28 இலத்திரன் வோல்ற்று, செம்புக்கு 3.49, நாகத்துக்கு 1.35. தாளின் பிடி இதைவிடக் கூடவாக இருந்தால் அணு தனியே நிற்க விரும்பும். குறைவாக இருந்தால் அது கட்டியாகிவிடும், உங்கள் அழகான ஒற்றை அணு உணரி ஆய்வுகூடத்தில் உருவாகாது.

நேரம் இருந்தால் இரண்டு காபன்களைத் தூக்கி, சுற்றியுள்ள நான்கு காபன்களை நைதரசனாக மாற்றி, நடுவில் உலோகத்தை வைக்கும் அமைப்பையும் செய்யுங்கள். ஆய்வுகூடத்தில் நைதரசன் கலந்த பொருட்களைச் சூடாக்கி எடுக்கும் ஒற்றை அணுப் பொருட்களில் அடிக்கடி கிடைப்பது இந்த அமைப்புத்தான். என் எண்ணத்தில், செய்யக்கூடிய பொருளைக் கணிப்பது எப்போதும் மேல்.

மூலக்கூறை ஒட்டுவது

அமோனியாவைத் தனியே ஒரு பெரிய பெட்டியில் வைத்து ஓட்டிச் சக்தியை எடுங்கள். பிறகு நைதரசன் பக்கம் உலோகத்தைப் பார்க்க, ஏறக்குறைய 2 ஆங்ஸ்ரம் உயரத்தில் வையுங்கள். ஐதரசன் பக்கம் கீழே பார்க்கும் நிலையையும், உலோகத்துக்குப் பக்கத்துக் காபனின் மேல் வைக்கும் நிலையையும் விட்டுவிடாதீர்கள். இவை பெரும்பாலும் தோற்கும், ஆனால் தோற்றது என்று காட்டினால்தான் வென்றதை நம்பலாம். வன்டர்வால்சு விசைக்கு (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) கிரிம்மியின் டி3 திருத்தத்தைச் (2010) சேருங்கள். மூலக்கூறு ஒரு பக்கம் மட்டும் நிற்பதால் இருமுனைத் திருத்தமும் வேண்டும்.

ஒட்டுச்சக்தி என்பது மூலக்கூறோடு சேர்ந்த தாளின் சக்தியிலிருந்து தாளின் சக்தியையும் மூலக்கூறின் சக்தியையும் கழித்தது. மறைப் பெறுமானம் வந்தால் ஒட்டுகிறது என்று பொருள். சிலர் குறியை மாற்றி எழுதுவார்கள், ஆகவே எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆர்காவில் செய்தால் அடிப்படைத் தொகுதி மேற்படிவுப் பிழையையும் திருத்த வேண்டும். அலை அடிப்படையிலான எஸ்பிரெசோவில் அது வராது.

இனித்தான் உண்மையான வேலை

ஒட்டுச்சக்தி வந்துவிட்டது. அதை நேரமாக மாற்றுவோம். உணரியில் ஒட்டிய மூலக்கூறு எவ்வளவு நேரத்தில் கழன்று போகும் என்பது மீள்நேரம். முயற்சி அதிர்வெண்ணைச் (மூலக்கூறு எத்தனை தடவை கழல முயல்கிறது என்பது) செக்கனுக்கு பத்தின் 12ஆம் அடுக்கு என்று வைத்து, ஒட்டுச்சக்தியை வெப்பச் சக்தியால் பிரித்து அடுக்கேற்றினால் வருகிற எண்களைப் பாருங்கள். 300 கெல்வினில் 0.5 இலத்திரன் வோல்ற்றுக்கு 0.00025 செக்கன். 0.8க்கு ஏறக்குறைய 28 செக்கன். 1.0க்கு பதினேழரை மணித்தியாலம். 1.2க்கு நாலரை வருசம்.

0.8இலிருந்து 1.2க்குப் போனதும் அரை நிமிடம் வருசக்கணக்காகிவிட்டது. 1.2 வந்ததும் "மிகச் சிறந்த உணரி" என்று எழுதுகிறவர்கள் எழுதுவது உணரியைப் பற்றியல்ல, ஒருதடவை பாவித்து எறியும் உறிஞ்சியைப் பற்றி. அதற்கும் பயன் உண்டு, ஆனால் பெயர் வேறு. வன்னி வெயிலில் 35 பாகை என்று வைத்தால் 0.8க்கு 12 செக்கன், 1.0க்கு ஆறரை மணித்தியாலம் அளவு. எட்டுப் பாகையில் இவ்வளவு வித்தியாசம் வருவதால், எந்த வெப்பத்தில் கணித்தீர்கள் என்று எழுதாத மீள்நேரத்துக்குப் பெறுமதி இல்லை.

மறுபக்கம் செறிவு. வாயுவாகச் சுதந்திரமாகத் திரிந்த மூலக்கூறு ஒட்டியதும் அதன் எந்திரப்பியை (ஒழுங்கின்மையின் அளவு) இழக்கிறது. அமோனியாவின் நியம எந்திரப்பி மூலுக்கும் கெல்வினுக்கும் 193 யூல் அளவு; அறை வெப்பத்தால் பெருக்கினால் 0.6 இலத்திரன் வோல்ற்று. அதற்கு மேல், செறிவு 1 பிபிஎம் மட்டுமே என்பதற்காக இன்னும் 0.36. ஒட்டிய நிலையிலும் அதிர்வுகளில் கொஞ்ச எந்திரப்பி மிஞ்சும், அதைக் கழித்துவிடலாம். அப்படியும் 1 பிபிஎம் அமோனியா பாதி இடங்களையாவது நிரப்ப வேண்டுமென்றால் ஒட்டுச்சக்தி 0.75 முதல் 0.95 வரை எங்கோ நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒட்டாது, மேலே போனால் கழலாது. நல்ல உணரியின் சன்னல் இவ்வளவு ஒடுக்கம். துல்லியத்துக்கு ஒட்டிய நிலையின் அதிர்வெண்களைக் கணித்துச் சுயாதீனச் சக்தியாகவே (எந்திரப்பியையும் கணக்கெடுத்த சக்தி) எழுதுங்கள்.

அப்புறம் நீராவி. நான் முன்னே சொன்ன இடம் இதுதான். 30 பாகையில் நிரம்பல் ஆவியமுக்கம் 4.24 கிலோபஸ்கால். சாரீரப்பதன் 75 சதவீதம் என்றால் காற்றில் நீராவி ஏறக்குறைய 31,000 பிபிஎம். அமோனியா 1 பிபிஎம். உங்கள் உலோக அணுவின் முன்னால் ஓர் அமோனியா மூலக்கூறுக்கு 31,000 நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன, நீருக்கும் தனிச்சோடி இலத்திரன்கள் உண்டு, அதுவும் அதே இடத்தைத்தான் தேடுகிறது. இரண்டும் சமபங்கு பெறவே, அமோனியா நீரைவிட 0.27 இலத்திரன் வோல்ற்று இறுக்கமாக ஒட்ட வேண்டும். 25 பிபிஎம் என்றால் 0.19 போதும். ஆக, அமோனியாவுக்குச் செய்த முழு வேலையையும் நீருக்கும் அப்படியே செய்து, இரண்டின் வித்தியாசத்தை இந்த எண்களோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரை வறண்ட நைதரசன் நிரப்பிய போத்தலுக்குள் வேண்டுமானால் சரியாக இருக்கும், வயல் வரம்பில் அல்ல.

ஒட்சிசன் இன்னும் மோசம், காற்றில் 2,10,000 பிபிஎம். முக்கியமாக இரும்பில் கவனம். எரிபொருட் கலங்களில் ஒட்சிசனைத் தாழ்த்தும் ஊக்கியாக இரும்பு–நைதரசன்–காபன் பொருட்களை ஆராய்வதே, இரும்பு ஒட்சிசனைப் பிடிப்பதால்தான். அதே இரும்பைக் காற்றில் வைத்து அமோனியா உணரி என்று சொன்னால், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒட்சிசன் உட்கார்ந்திருக்கும். ஒட்சிசன் கணக்கில் மும்மை ஸ்பின் நிலையை (இரண்டு இலத்திரன்கள் சோடியில்லாமல் நிற்பது) மறக்காதீர்கள், பிபிஈ சார்பு ஒட்சிசனைக் கூடுதலாகப் பிணைத்துக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். இரும்பு தோற்றால் "ஒட்சிசனோடு சேர்ந்த இரும்பில் அமோனியா எப்படி ஒட்டும்" என்று அடுத்த கணக்கைப் போடலாம். காற்றில் நடப்பதற்கு அதுதான் கிட்ட.

ஒட்டியது தெரியவேண்டுமே

மூலக்கூறு ஒட்டினால் மட்டும் உணரி ஆகாது, மின்னில் ஏதாவது மாறவேண்டும். பேடர் முறையில் (இலத்திரன் அடர்த்தியை அணுக்களுக்குப் பங்கிடும் முறை) ஏற்றப் பரிமாற்றத்தைப் பாருங்கள். அமோனியா பொதுவாக இலத்திரனைக் கொடுக்கும், நைதரசனீரொட்சைட்டு வாங்கும். பிறகு நிலை அடர்த்தியை (ஒவ்வொரு சக்தியிலும் இலத்திரன்களுக்கு எத்தனை இடம் என்பது), ஒட்டுவதற்கு முன்னும் பின்னும், ஒரே படத்தில் மேலும் கீழும் வரையுங்கள். ஃபேர்மி மட்டத்துக்கு (இலத்திரன்கள் நிரம்பிய மேல் எல்லை) அருகில் மாற்றம் இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கமாக ஒட்டினாலும் மீற்றர் அசையாது. இதற்கு அமைப்பை ஒடுக்கப் பாவித்ததைவிட மிக நெருக்கமான கே-புள்ளிகள் வேண்டும்.

சக்தி இடைவெளியை அடுக்குச் சமன்பாட்டில் போட்டு "கடத்துதிறன் இத்தனை மடங்கு கூடியது" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன். பிபிஈ இடைவெளிகளைக் குறைத்துக் காட்டும், அடுக்கேற்றினால் சிறு பிழையும் பல மடங்காகும். மாற்றத்தின் திசையைச் சொல்லுங்கள், போதும்.

எழுதும்போது உள்ளீட்டுக் கோப்புகள், ஒடுங்கிய அமைப்புகள், தோற்றுப்போன எல்லா நிலைகள் மூன்றையும் செனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். சேர்வரில் இடமில்லை என்று அழிபட்டுப்போன கணக்கை யாரும் சரிபார்க்க ஏலாது.

கிணற்றுத் தண்ணீருக்கு வரும்போது

வவுனியாப் பக்கம் குழாய்க்கிணறுகளில் புளோரைட்டு இருக்கிறது, காரணம் தெரியாத சிறுநீரக நோய் பற்றிய கவலையும் இருக்கிறது, ஏன் அதைச் செய்யவில்லை என்று கட்டாயம் கேட்பீர்கள். செய்ய வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதை வீட்டிலேயே அளக்கக்கூடிய மலிவான உணரி இங்கே உண்மையிலேயே தேவை. ஆனால் புளோரைட்டு ஏற்றமுள்ள அயன், தண்ணீர் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது, அந்த நீரேற்றச் சுயாதீனச் சக்தி நான்கரை இலத்திரன் வோல்ற்றுக்கும் மேல். வெற்றிடத்தில் புளோரைட்டை உலோகத்தில் ஒட்டினால் பிரமாண்டமான எண் வரும், அதில் பெரும்பகுதி தண்ணீரைக் கழற்றும் செலவைக் கணக்கெடுக்காததால் வந்தது. அதோடு ஏற்றமுள்ள அமைப்பைத் திரும்பத் திரும்ப அடுக்கும் கணக்கில் வைத்தால் பின்னணி ஏற்றத்தால் இன்னொரு பிழை.

ஆகவே அந்த வேலையை இந்த ஒழுங்கில் தொடங்குங்கள். தாளுக்குப் பதிலாக, ஓரங்களில் ஐதரசன் வைத்து மூடிய 54 காபன் துண்டு ஒன்றை ஆர்காவில் எடுங்கள். உலோகத்தைப் பதித்து, அதன் மேல் ஒரு நீர் மூலக்கூறு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதாக வையுங்கள். புளோரைட்டைச் சுற்றி ஐந்தாறு நீர் மூலக்கூறுகளை வெளிப்படையாக வைத்து, வெளியே தொடர்ச்சிக் கரைப்பான் மாதிரியைப் (மிச்சத் தண்ணீரைத் தனி மூலக்கூறுகளாக அல்லாமல் ஒரே ஊடகமாக எடுப்பது) போடுங்கள். பிறகு உலோகத்திலிருக்கும் நீரைப் புளோரைட்டு இடம்பெயர்க்கும் தாக்கத்தின் சுயாதீனச் சக்தியை எடுத்து, அதே கணக்கைக் குளோரைட்டுக்கும் இருகாபனேற்றுக்கும் செய்யுங்கள். நம் கிணறுகளில் அவை இரண்டும் புளோரைட்டைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கின்றன. புளோரைட்டு அவற்றை வெல்லும் உலோகம் எது என்று தெரிந்த பிறகுதான் ஆய்வுகூடக்காரரிடம் போய்க் கதைக்கலாம்.